அக்காவுக்குப் போன பெட்டி

கூடப் பிறந்த அக்காள் மேல் ஒருவன் வைத்திருக்கும் மரியாதைக்கு விலை சொல்ல முடியுமா என்றால், பவுலியாசியால் முடியும். பெட்டி நூற்று எழுபது பாங்கா, எங்கள் டோங்கா காசில். இருபது கிலோ. உறைந்த செம்மறி விலா, கப்பல் கூலி உள்பட.

நியூசிலாந்துக்காரன் தான் தின்னாமல் ஒதுக்கி நமக்கு ஏற்றிவிடுகிற பாகம் அது. மெல்லிசாக ஒரு வரி சதை, அதன் மேல் விரல் பருமனுக்கு ஒரு வரி கொழுப்பு, மறுபடி சதை, மறுபடி கொழுப்பு. கடையில் கிலோ பதினொரு பாங்காவுக்குப் போகும். துறைமுகத்தில் ஒரு கோர்வை மீன் நாற்பதுக்குக் குறைந்து கிடையாது. சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு, மீனைவிட மலிவாக ஆட்டைத் தின்கிற தீவு எங்களுடையது. டோங்காவில் யாரும் இதை அதிசயமாக நினைப்பதில்லை. விலைப் பலகையைப் பார்த்துத்தானே வயிறு யோசிக்கிறது.

பவுலியாசிக்கு ஐம்பத்திரண்டு வயது. கோயிலுக்கு எதிரே கம்பி வலை போட்ட கடை. வலைக்கு அந்தப் பக்கம் நின்று ஊர் பேரம் பேசும், இந்தப் பக்கம் உட்கார்ந்து அவன் படியமாட்டான். இனாமாக ஒரு தீக்குச்சி தராதவன் என்று பெயர். அப்படிப்பட்டவன் மூன்று வருஷமாக, மாதம் பிறந்தால் ஒரு முழுப் பெட்டி விலாவை அக்காள் கலோலைனே வீட்டுக்குச் சீராக அனுப்பிக்கொண்டிருந்தான். தம்பி அக்காளுக்குச் செய்வது எங்கள் வழக்கம்தான். எல்லாரும் வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை முதல் அறுப்பு வள்ளிக்கிழங்கோ, நல்ல மீனோ கொண்டுபோய் வாசலில் வைப்பார்கள். மாதாமாதம் பெட்டி அனுப்பியவன் இவன் ஒருவன்தான். போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரப் பிரசங்கத்திலேயே பெயர் சொல்லிப் புகழ்ந்தார். பவுலியாசி கோயிலுக்கென்று எங்கள் வழக்கப்படி இடுப்பில் கட்டிய பாயைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று ஊர் நினைத்தது. பாதிக்கு மேல் அது ஏப்பத்தை அடக்கியது.

நடந்த கதை இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் சுகாதார நிலையத்து நர்ஸ் அவன் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றும் கைகோத்துக்கொண்டு வந்திருக்கின்றன என்றாள். அன்றைக்கே அவன் மனைவி லோசலின் கடை ஃபிரீசர் சாவியை எடுத்துக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டாள். வீட்டில் வேகவைத்த கீரை, வேகவைத்த வாழைக்காய், வேகவைத்த மீன். ஒரு மாதம் தாக்குப்பிடித்தான். விலாவை எடை போட்டு அடுத்தவனுக்கு விற்றுக்கொண்டே கீரை தின்பது எப்பேர்ப்பட்ட தண்டனை என்பது விற்றவனுக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. லோசலினால் எதையும் மறுக்க முடியும், ஒன்றைத் தவிர. புருஷனுடைய அக்காள் அந்த வீட்டில் எல்லாருக்கும் மேலே. அவளுக்குப் போகிற சீரையும் தடுக்கக் கூடாது, அவளிடமிருந்து வருகிற சோற்றையும் திருப்பி அனுப்பக் கூடாது. பவுலியாசி ஒரு பெட்டியை அனுப்பினான். கூடவே அக்காள் மகள் லாட்டாயைக் கூப்பிட்டு, போகிற போக்கில் சொல்வதுபோல, “உங்கம்மா சுடுற லூ மாதிரி இந்த ஊர்ல எவளும் சுடமாட்டா. நெனச்சா நாக்கு ஊறுது” என்று ஒரு வார்த்தை விட்டான்.

அவ்வளவுதான். அந்த ஞாயிறு முதல், கோயில் விட்டு வந்து உட்காரும்போது, தென்னையோலைக் கூடை வந்துவிடும். சேம்பிலையில் விலாவை வைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, வெங்காயம் தூவிப் பொதிந்து, குழியடுப்பில் மூன்று மணி நேரம் வெந்த லூ. ஆறேழு பொதி. இலையைப் பிரித்தால் கொழுப்பு தேங்காய்ப்பாலோடு உருகி மினுங்கும்.

“இந்த வாரமும் வந்துடுச்சா?” என்பாள் லோசலின்.

“அக்கா குடுத்தது. திருப்பி அனுப்பச் சொல்றியா?”

“நான் எங்க சொன்னேன்? அது பெரிய எடத்து சமாசாரம். தின்னுங்க.”

“எனக்கு மனசே இல்ல. மரியாதைக்காகத்தான் தொடறேன்.”

“மரியாதை மோவாய்ல வழியுது. தொடைங்க.”

சொல்லிவிட்டு அவளும் ஒரு பொதியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.

வியாபாரி கண்ணால் பார்த்தால் இதில் ஒரு குறையும் இல்லை. சரக்கு தன்னுடையது. சமையல் கூலி இல்லை. மனைவி வாய் அடைபட்டது. ஊரில் நல்ல பெயர். சிலசமயம் அவனுக்கே தன் மூளையை நினைத்துப் பெருமையாக இருக்கும். பெட்டியில் எட்டுக் கிலோதான் கூடையில் திரும்பி வருகிறது, மீதிப் பன்னிரண்டு எங்கே போகிறது என்று மட்டும் அவன் யோசித்ததில்லை. கையை விட்டுப் போன சரக்கைப் பற்றி எந்தக் கடைக்காரன் யோசிக்கிறான்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் லாட்டாய் கடைக்குள் வந்தாள். இருபத்தாறு வயது, பள்ளிக்கூட வாத்தியாரம்மா. அக்காள் பிள்ளைகளுக்கு மாமன் கடையில் உரிமை உண்டு. கேட்க வேண்டியதில்லை, எடுத்துக்கொண்டு போகலாம். சோப்பு, பிஸ்கட், ஒருதரம் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தையே கழற்றிக்கொண்டு போனாள். பவுலியாசி வாய் சிரிக்கும், வயிறு எரியும். அன்றைக்கு அவள் எதையும் தொடாமல் நின்றாள். ஏதோ சரியில்லை என்று அவனுக்கு அதிலேயே பட்டது.

“என்னம்மா, கடையில சரக்கு புடிக்கலையா?”

“அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க மாமா. நேத்து ரெண்டு விரல எடுத்துட்டாங்க. வலது கால்ல.”

அவன் கையிலிருந்த மாவுப் பை எடைத்தட்டில் உட்கார்ந்தது.

“விரலா? எதுல குத்திக்கிட்டா?”

“ஒண்ணும் குத்தல. செருப்பு கடிச்ச புண்ணு. ஆறவே இல்ல. அம்மாவுக்குச் சர்க்கரை மாமா. நாலு வருஷமா.”

“நாலு வருஷமா? எங்கிட்ட ஒரு வார்த்தை...”

“எப்படிச் சொல்லுவாங்க? ஒடம்பு விஷயம். தம்பி காதுல விழக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க.”

அதில் அவன் குறை சொல்ல இடமில்லை. அண்ணன் தம்பி, அக்காள் தங்கை நடுவில் உடம்பைப் பற்றிய பேச்சு எங்களிடம் கிடையாது. வயசுக்கு வந்தபின் ஒரே கூரைக்குக் கீழே தூங்குவதுகூடக் கிடையாது. அவனுடைய சர்க்கரையையும் அவன் அக்காளிடம் சொன்னதில்லை. அதற்கு வழக்கம் மட்டும் காரணம் இல்லை என்பது வேறு.

“டாக்டர் என்ன சொல்றார்?”

“ஆறு வாரம் பாக்கலாங்கறார். அதுக்குள்ள புண்ணு மூடலன்னா முழங்காலுக்குக் கீழ எடுத்துடுவாங்களாம். மூடணும்னா சர்க்கரை எறங்கணும். எறங்கணும்னா அந்தக் கொழுப்ப நிறுத்தணும்.” அவள் ஃபிரீசர் பக்கமாகக் கையை நீட்டினாள். “நீங்க அனுப்பறத.”

“நான்... அவளுக்குப் புடிக்கும்னுதானே...”

“அம்மாவுக்கா? வாசனையே ஆகாது அவங்களுக்கு. சின்ன வயசுலேருந்து மீனுதான். பன்னிக்குப் போடலாம்மா, பக்கத்து வீட்டுக்குக் குடுக்கலாம்மான்னு எவ்வளவு சொல்லிட்டேன். ‘தம்பி வேர்வை சிந்தி அனுப்புனது, வெளிய போனா அவன் மொகம் என்ன ஆகும்’னு தின்னாங்க மாமா. கண்ண மூடிக்கிட்டு தின்னாங்க. நான் பாதி தின்னேன். அடுத்த மாசம் திரும்பவும் பெட்டி வந்து எறங்கும்.”

அவன் மாவுப் பையை எடைத்தட்டிலிருந்து இறக்கினான். லாட்டாய் தொடர்ந்தாள். “லூ வேணும்னு கேட்டது நீங்க. போய்ச் சொன்னது நான். நாக்கைக் கடிச்சுக்கணும்போல இருக்கு.”

கடையைச் சாத்திவிட்டு புருஷனும் பெண்டாட்டியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். லாட்டாயோடு லோசலின் உள்ளே போனாள். பவுலியாசி வார்டு வாசலுக்கு வெளியே, தாழ்வாரத்தில் பாய் விரித்து, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அக்காள் படுத்திருக்கிற அறைக்குள் தம்பி போவதில்லை. தலைக்கு மேலே கண்ணாடிப் பட்டைச் சன்னல் திறந்திருந்தது. உள்ளே பேசுவது முழுக்கக் கேட்டது.

“தம்பி வந்திருக்கானா?” கலோலைனேயின் குரல். மருந்தில் கொஞ்சம் குழறியது. “வெயில்லயா உக்காந்திருக்கான்? சாப்பிட்டானா?”

“சாப்பிட்டாரு அண்ணி. நீங்க பேசாதீங்க.”

“லாட்டாய், பெட்டி வர்ற நாளாச்சே. வந்தா வாங்கி ஐஸ்ல போட்டு வை. கெட்டுடப்போவுது.” பிறகு, “ஞாயித்துக்கெழமைக்கு அவனுக்கு யாரு லூ சுடுவா? நீ சுட்டா தண்ணியா இருக்கும்.”

பவுலியாசி செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டான். லோசலின் வெளியே வந்து, சாயந்தரம்வரை தான் இருப்பதாகச் சொல்லி, கடை திறக்கக் கழுத்துச் சங்கிலியிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றிக் கொடுத்தாள். ஃபிரீசர் சாவியும் அதிலேயே இருந்தது. கொடுத்தவளுக்கு அது ஞாபகம் இல்லை. வாங்கியவனுக்கு முதல் நொடியிலேயே இருந்தது.

இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவன் அழுதுகொண்டேதான் வந்தான். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவன்கூட நகர்ந்து இடம் விட்டான். கடைக்கு வந்தான், முன் கதவைத் திறக்கவில்லை, பின் கதவு வழியாகச் சரக்கறைக்குள் போனான். ஃபிரீசரைத் திறந்து ஒரு கிலோ பொட்டலத்தை எடுத்தான். கேஸ் அடுப்பில் சட்டியை வைத்தான். எண்ணெய் தேவையில்லை, அது தன் எண்ணெயிலேயே பொரியும். உறைபனி உருகித் தண்ணீர் வற்றி, கொழுப்பு முதல் சீறல் சீறும்போது, மூன்று வருஷமாக மூடிவைத்த கடை ஒன்று அவனுக்குள் திறந்தது. உப்பு மட்டும் போட்டான். வெளியே யாரோ கம்பி வலையைத் தட்டி, “மாமா, ரொட்டி இருக்கா?” என்றார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். போய்விட்டார்கள்.

நின்றபடியே தின்றான். சூடு ஆறும்வரை பொறுக்கவில்லை, மேல்வாய் வெந்தது. கொழுப்பு மணிக்கட்டில் இறங்கி முழங்கையில் சொட்டியது. எலும்பைச் சப்பும்போது அக்காளின் விரல்கள் ஞாபகம் வந்தன. வந்தும் நிறுத்தவில்லை. முழுக் கிலோவும் தீர்ந்த பிறகு, மிச்சமிருந்த கொழுப்பில் ரொட்டியை முக்கித் துடைத்தான். பிறகு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தான். பசி என்று ஒன்று இருந்ததாகவே அவனுக்கு நினைவில்லை.

பொழுது சாயும்போது லோசலின் வந்தாள். வாசலிலேயே மூக்கைச் சுருக்கினாள். சட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“இன்னைக்குமா?” என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்கு அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பெட்டி எதற்காகப் போனது, லாட்டாயிடம் என்ன சொல்லிவிட்டான், மரியாதை என்று வாயால் சொல்லி வயிற்றுக்குக் கொடுத்தது எல்லாம். லோசலின் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

“ரெண்டாவது மாசமே எனக்குத் தெரியும்” என்றாள்.

“தெரியுமா?”

“தீக்குச்சி குடுக்காத மனுஷன் பெட்டி பெட்டியா குடுத்தா, பொண்டாட்டிக்குத் தெரியாதா? நான்தானே ஃபிரீசர் கணக்கு எழுதறேன்.”

“பின்ன ஏன்டி வாயத் தொறக்கல?”

அவள் கதவு நிலையை விட்டு உள்ளே வந்தாள். சட்டியை எடுத்துத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

“அண்ணி லூ எனக்கும் புடிச்சிருந்தது” என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு. “கீரைய எனக்கு மட்டும் புடிக்குமா? வாராவாரம் நான் ரெண்டு பொதி தின்னேன். உங்கள நக்கலடிச்சுக்கிட்டே தின்னா அது கணக்குல வராதுன்னு நெனச்சேன்.”

பெட்டியை நிறுத்துவது சுலபம், ஏற்றாமல் இருந்தால் போதும். ஆனால் காரணம் சொல்லாமல் நிறுத்தினால், தம்பி கைவிட்டான் என்று கோயில் பெண்கள் அக்காள் முகத்துக்கு நேராகவே பேசுவார்கள். அக்காளும் தன்மேல் ஏதோ வருத்தம் என்று நினைப்பாள். அவள் குணத்துக்கு, இருக்கிற விலாவைத் தின்று முடித்துவிட்டுத்தான் வருத்தப்படுவாள். அவள் வீட்டு ஃபிரீசரில் போன மாதத்துப் பெட்டி பாதி கிடக்கிறது என்று லாட்டாய் சொல்லியிருந்தாள். உண்மையைச் சொன்னால்தான் அவள் அதைத் தொடமாட்டாள். உண்மையோ உடம்பைப் பற்றியது, அவனுடையதும் அவளுடையதும்.

மறுநாள் அதே தாழ்வாரத்தில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். லோசலினை எதிரே உட்காரவைத்தான். சன்னலுக்கு எட்டுகிற குரலில் அவளிடம் பேசினான். எங்களிடம் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை இப்படித்தான் சொல்லிக்கொள்வது.

“லோசலின், உனக்கு ஒரு விஷயம் சொல்றேன் கேளு. நான் ஒரு திருட்டுப்பய.”

“தெரிஞ்ச விஷயம். மேல சொல்லுங்க.”

“எனக்குச் சர்க்கரை. மூணு வருஷமா. நீ சாவிய வாங்கிக்கிட்ட. கறி வேணும்னு எங்க அக்கா பேரச் சொல்லி வெளிய அனுப்பினேன். அவ கையால வேக வெச்சுத் திரும்ப வரவெச்சுத் தின்னேன். சீரும் இல்ல, மரியாதையும் இல்ல. அந்தப் பெட்டியில ஒரு துண்டுகூட அவளுக்காகப் போகல. அதனால... அத அவ தின்ன வேண்டியதில்ல. பன்னிக்குப் போட்டா என் மொகத்துக்கு ஒண்ணும் ஆகாது.”

தாழ்வாரத்தின் கோடியில் யாரோ வாளியை நகர்த்தினார்கள். பவுலியாசி தன் வலது கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தும் இருந்தன.

உள்ளே கலோலைனே மகளைக் கூப்பிட்டாள். அவளும் சன்னலுக்கு எட்டுகிற குரலில்தான் பேசினாள்.

“லாட்டாய், என் தம்பி சின்னப் புள்ளையில எப்படின்னு உனக்குச் சொல்லியிருக்கேனா? அப்பா கொண்டாந்த ரொட்டிய ஒளிச்சு வெச்சு, எறும்பு அரிச்ச பெறகு எனக்குப் பாதி குடுத்தான். பெட்டி வந்தப்போ நான் நெனச்சேன், ஆண்டவரே, இவனையும் மாத்திட்டீரேன்னு. மூணு வருஷமா இவனுக்காகக் கோயில்ல எழுந்து நின்னு நன்றி சொன்னேன்டி.” இருமினாளா, சிரித்தாளா தெரியவில்லை. “எல்லார் முன்னாடியும்.”

வெளியே பவுலியாசி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

“அழுவறானா? அழ வேண்டாம்னு சொல்லு. நான் தின்னது என் வாயால. ஒருத்தனும் தலையப் புடிச்சு ஊட்டல.” பிறகு குரல் மாறியது, சந்தையில் கடைசி விலை சொல்கிற குரல். “மீன் கொண்டாரச் சொல்லு. வாரத்துக்கு ரெண்டு தடவ. காசு குடுத்து ஆள் விட்டு வேண்டாம், அவன் கையால தூக்கிட்டு ஊர் நடுவுல நடந்து வரணும். ஆறு வாரம் நான் கொழுப்பத் தொடமாட்டேன். அவனும் தொடக்கூடாது. என் காலுக்குத் தொணையா அவன் வாய் இருக்கட்டும்.”

“இருக்கும்னு சொல்லு” என்றான் பவுலியாசி லோசலினிடம்.

“இருக்குமாம் அண்ணி” என்றாள் லோசலின். அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

புதனும் சனியும் விடியுமுன் முதல் பஸ்ஸில் நுக்குவாலோஃபா துறைமுகத்துக்குப் போனான். ஒரு கோர்வை நாற்பது, நாற்பத்தைந்து. வாய் கிழியப் பேரம் பேசினாலும் மீன்காரன் இறங்கவில்லை. அவனும் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிற்பது எப்படி என்று படித்துக்கொண்டான். வேகவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது லாட்டாய். அவளிடம் கொடுக்க ஊருக்குள் கோர்வையைத் தொங்கவிட்டு நடக்கும்போது கோயில் சுவரில் உட்கார்ந்திருப்பவர்கள் சும்மா விடவில்லை.

“என்ன பவுலியாசி, இருபது கிலோ போயி நாலு மீனாயிடுச்சு? கடை படுத்துடுச்சா?”

“அக்காகிட்ட சொத்துத் தகராறாமே?”

“கப்பல் வரலடா” என்று சொல்லிவிட்டு நடந்தான். அந்தப் பேச்சைத் தாங்குவது பெரிய கஷ்டமாக இல்லை. பெயர் போனது நியாயம் என்றுதான் பட்டது. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது.

மூன்றாம் வாரம் ஊர்த்தலைவர் வீட்டுச் சாவு. சாவு வீட்டில் வருகிறவனுக்கெல்லாம் தட்டு வரும், தட்டில் விலா வரும். மறுத்தால் செத்தவருக்கு அவமரியாதை என்று பக்கத்தில் உட்கார்ந்தவர் காதில் சொல்லிவிட்டுத் தின்றான். சொல்லும்போதே தன் குரலைத் தானே அடையாளம் கண்டுகொண்டான், பழைய குரல். நாலாம் வாரம் கடைக்குப் பின்னால் ஒரு டின் மாட்டுக்கறியை விரலால் வழித்துக்கொண்டிருந்தபோது லோசலின் பிடித்தாள். அவள் திட்டவில்லை. “அங்க கட்டுப் பிரிச்சுப் பாக்கறாங்க இன்னைக்கு” என்றாள். அவன் டின்னைக் குப்பையில் போட்டுவிட்டு வாயைக் கழுவினான்.

அன்றைக்குப் புண்ணின் ஓரம் சிவந்து, சதை பிடிக்க ஆரம்பித்திருந்தது. ஐந்தாம் வாரம் பாதி மூடியது. லாட்டாய் ஒவ்வொரு தடவையும் கடை வாசலில் நின்று, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து அளவு காட்டிவிட்டுப் போவாள். அந்த இடைவெளி வாரத்துக்கு வாரம் குறைந்தது. கலோலைனே வேகவைத்த மீனும் கீரையுமாக, ஒரு துண்டுக் கொழுப்பைக்கூட நாக்கில் வைக்காமல் படுத்திருந்தாள். வார்டில் பக்கத்துக் கட்டிலுக்குச் சொந்தக்காரர்கள் பொரித்த கோழி கொண்டுவந்து நீட்டினால், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாளாம். “தம்பியும் அங்க பட்டினி கெடக்கறான்” என்பாளாம்.

துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், தார்ப்பாய் கட்டிய வண்டியில் ஒருத்தி விடியற்காலையிலேயே விலா பொரிப்பாள். உருளைக்கிழங்கோடு சேர்த்துக் காகிதத்தில் சுற்றி ஆறு பாங்கா. பஸ் வர இருபது நிமிஷம் ஆகும். அக்காளுக்கு வாங்கிய மீன் இடது கையில் தொங்கும்.

ஆறாம் வார வெள்ளிக்கிழமை டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து, கால் நிற்கட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை கலோலைனே ஊன்றுகோலோடு கோயிலுக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். எழுந்து நன்றி சொன்னபோது தம்பி பெயரையும் சேர்த்தே சொன்னாள். மீன் சுமந்தவன், தன்னோடு விரதம் இருந்தவன் என்றாள். பவுலியாசி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்தத் தடவை அடக்கவேண்டிய ஏப்பம் எதுவும் இல்லை. ஆனாலும் நிமிரமுடியவில்லை.

கோயில் விட்டு வந்ததும் லாட்டாய் கூடையோடு வந்தாள். மீன் வைத்துச் சுட்ட லூ, நாலு பொதி. கூடையை இறக்கிவைத்துவிட்டு அவள் போகாமல் நின்றாள்.

“அம்மா கணக்குக் கேட்டு வரச் சொன்னாங்க மாமா. அவங்க கணக்கு நாப்பத்திரெண்டு நாள், ஒரு வாய்கூடக் கெடையாது. உங்க கணக்கு?”

பவுலியாசி லோசலினைப் பார்த்தான். லோசலின் பொதியைப் பிரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

“ரெண்டு தடவ தவறிட்டேன்னு சொல்லு” என்றான். “சாவு வீட்ல ஒண்ணு. கடைக்குப் பின்னால ஒண்ணு. மறைக்கல. ரெண்டும் உங்க மாமிக்குத் தெரியும்.”

“ரெண்டா?” லாட்டாய் முகம் மலர்ந்தது. “நாங்க பத்துன்னு நெனச்சோம். அம்மா சந்தோஷப்படுவாங்க.” போகும்போது பழக்கம் விடாமல் மேசை மேல் இருந்த பிஸ்கட் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அவன் உட்கார்ந்து மீனைத் தின்றான். நன்றாகத்தான் இருந்தது. தின்னத் தின்ன மனசுக்குள் கணக்கு தானாக ஓடியது, நிறுத்தத் தெரியவில்லை. அக்காள் பக்கம்: போன விரல் இரண்டு, நின்ற கால் ஒன்று, தவறியது சைபர். தம்பி பக்கம்: சுமந்த மீன் பன்னிரண்டு கோர்வை. தவறியதில் சொன்னது இரண்டு. தார்ப்பாய் வண்டியில் நின்றபடி தின்றது, புதன் ஒன்று, சனி இரண்டு, ஆக மூன்று. அது இன்னும் பாக்கி.